லக்கண்ணனுக்கு விழும் மாலைகள்

செங்கமடைச் சந்தையில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த லக்கனின் கழுத்தில் முதல் மாலை விழுந்தபோது, அது மேலேயிருந்து வந்ததா பக்கவாட்டில் வந்ததா என்று யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வைக்கிற அளவுக்கு அது சத்தமும் போடவில்லை. செவ்வந்தியும் அரளியும் கலந்து வாழைநாரில் கட்டிய, சாவு வீட்டுக்கு வாங்கிப் போகிற சாதாரண மாலைதான், நார் இன்னும் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். "யாரு போட்டாவ லக்கண்ணே?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். "தெரியலியே" என்று அவர் கழற்றி, பெஞ்சுக்கடியில் நின்ற ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

லக்கன் வடக்கேயிருந்து வந்தவர். சைக்கிள் கேரியரில் போர்வைக் கட்டும், கட்டின்மேல் ஏழு வயது மகளுமாக ஊர் ஊராகப் போர்வை விற்றுக்கொண்டிருந்தவர், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்கிற பேச்சு செல்போன் செல்போனாகத் தாவி எங்கள் பக்கம் முழுக்கப் பரவிய மாசத்தில்தான் எங்கள் ஊருக்குள் நுழைந்தார், நுழைந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்ல வேண்டும், பக்கத்து ஊரான மேலப்பொட்டலில் அவரைக் கண்டவர்கள் போர்வையையும் கண்டு பிள்ளையையும் கண்டு இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வந்து கல்லெடுத்துவிட்டதால், சைக்கிள் சங்கிலி அறுகிற அளவுக்கு மிதித்து வந்து எங்கள் சந்தைக்கு நடுவே மகளோடு சரிந்தார். அவர் கழுத்தை அந்தப் பிள்ளை கட்டிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்த எவருக்கும் அது யார் பிள்ளை என்று கேட்கத் தோன்றாது. நாங்களும் கேட்கவில்லை.

ஆனால் மேலப்பொட்டலிலிருந்து வேன்கள் கிளம்பிவிட்டன என்று போன் வந்தது. வீட்டுக்குள் ஒளித்தால் வீடு வீடாகத் தேடுவார்கள். போலீசுக்குச் சொன்னால் வேன்தான் முதலில் வரும். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, ஒரு காதுகுத்துக்குப் பேனர் அடித்துக்கொண்டிருந்த பிளெக்ஸ் கடை கோமதிநாயகம் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏல, உயிரோட இருக்கவனைத்தான அடிப்பானுவ? செத்தவனை எவன் அடிப்பான்? அந்தாளை அந்தச் சுவத்தோட நிக்கச் சொல்லு, ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்."

வேன்கள் ஊருக்குள் வருவதற்குள் மின்கம்பத்தில் 'கண்ணீர் அஞ்சலி' பேனர் ஏறிவிட்டது. நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் லக்கன், கீழே வரிசையாக எங்கள் ஊர் இளவட்டங்கள், காதுகுத்துப் பேனருக்கு வைத்திருந்த அதே படங்கள், கறுப்புக் கண்ணாடியும் காதில் செல்போனுமாகத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கொட்டுக்காரர்கள் அடித்தார்கள், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள், பாடையில் லக்கன் மூச்சை அடக்கிக் கிடந்தார், தலைமாட்டில் மகள் சுகமதி அழுதாள். அவளுக்கு இது நடிப்பென்று யாராவது சொல்லியிருந்தார்களா என்று இன்றுவரை நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. வேனிலிருந்து சவுக்குக் கட்டைகளோடு இறங்கியவர்கள் கட்டைகளை வேனுக்குள்ளேயே திரும்பப் போட்டார்கள், செருப்பைக் கழற்றினார்கள், தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தார்கள், கொடுத்த கடுங்காப்பியை வாங்கிக் குடித்தார்கள், வந்த காரியத்தைச் சொல்லாமலே போனார்கள். அப்படி ஒரு சாவு எங்கள் ஊரில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. அதைச் சொல்லும்போது எங்கள் ஊரில் எல்லோருக்கும் முதுகு நிமிரும்.

தப்பு அதற்கப்புறம்தான் நடந்தது. பேனரைக் கழற்றவில்லை, ஏனென்றால் வேன்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து எங்கோ தூரத்திலிருந்து ஒரு பேராசிரியர், வதந்தி எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர், காரில் வந்து இறங்கி, பேனரைப் படம் பிடித்து, "இவர் இறந்துட்டாரா?" என்று மொழிபெயர்க்க ஒரு ஆளை வைத்துக்கொண்டு கேட்டார். வந்தவர் யார், எந்த வேன்காரனுக்குச் சொந்தம் என்று யாருக்குத் தெரியும்? சந்தையே ஒரே குரலில் "ஆமா சார், போயிட்டாரு" என்றது. பூக்காரி அழுதே காட்டினாள். லக்கன் அப்போது ரைஸ்மில்லுக்குள் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, எங்கள் பாஷையில் ஒன்று இரண்டு எண்ணப் பழகிக்கொண்டிருந்தார். போனார் என்றுதான் நாங்கள் சொன்னோம். நாங்கள்தான் அடித்துக் கொன்றோம் என்பதைப் பேராசிரியர் காரில் திரும்பிப் போகும் வழியில் தானாகவே முடிவு கட்டியிருக்க வேண்டும்.

வதந்தி ஓய்ந்து பேனர் இறங்கியபின் லக்கன் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார், அப்புறம்தான் சந்தையில் அந்த முதல் மாலை. இரண்டாவது மாலை அவர் ரேஷன் வரிசையில் நிற்கும்போது விழுந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு, சில மாசங்கள் ஒன்றுமில்லை, பிறகு சேர்த்து வைத்துக் கொட்டியதுபோல் நாளெல்லாம். முதலில் ஊர் கொஞ்சம் தயங்கியது, சாமி கும்பிட்டது, கோயிலில் கேட்டது. பூசாரி, "சாவு மாலையை உள்ள கொண்டாராதியும், வாசல்ல கழத்திட்டு வாரும்" என்று மட்டும் சொன்னார். அதோடு அது எங்கள் ஊர்க் காரியமாகிவிட்டது. ஆடுகள் லக்கண்ணன் பின்னாலேயே நடக்கப் பழகின. சலூன்காரர் அவருக்கு முடி வெட்டும்போது ஒரு கையைத் தயாராக உயர்த்தி வைத்துக்கொண்டார். ரோஜா மாலையென்றால் இதழை உதிர்த்துக் காயவைத்துப் பன்னீர் காய்ச்சுகிறவர்கள் வந்து வாங்கிப்போனார்கள், யாருக்கும் பேர் தெரியாத வெளிதேசத்துப் பூக்களில் கட்டிய மாலை வந்தால் பூக்காரி மோந்து பார்த்து, "இது குளிர்ப் பிரதேசம், பூவுல வாசமே இல்ல பாரு" என்று அவளாக ஒரு தேசத்தை ஒதுக்கிக் கொடுத்தாள். கொஞ்ச வருஷத்துக்குப் பின் பிளாஸ்டிக் மாலைகள் வர ஆரம்பித்தன. அவைதான் அதிகம். ஆடு தின்னாது, வாடாது, எங்கே போடுவது? மினிபஸ் கண்ணாடியில், ரைஸ்மில் வாசலில், பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடையில், எல்லா இடத்திலும் லக்கண்ணனின் மாலை தொங்கியது. ஊரே நோயில் கதவடைத்துக் கிடந்த அந்த வருஷம் விழுந்த மாலைகளை மட்டும் வைக்க ரைஸ்மில்லில் ஒரு அறையைக் காலி பண்ண வேண்டியிருந்தது. அந்த வருஷம் லக்கண்ணன் உட்கார்ந்தே தூங்கினார், கழுத்து வலிக்குத் தைலம் போட்டுக்கொண்டு, ஒரு தடவைகூட நொந்துகொள்ளாமல்.

இத்தனைக்கும் காரணம் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தே ஆக வேண்டும் என்றும் தோன்றியதில்லை. அதைச் சொன்னது ஜெசிந்தா.

ஜெசிந்தா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. பொய்த்தகவல் பரவுவதைப் பற்றி உலகம் முழுக்க எழுதப்படுகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளையெல்லாம் திரட்டி, எந்த வருஷம் எத்தனை வந்தது, எது எதை மேற்கோள் காட்டுகிறது, யார் யாரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று அளப்பது அவள் வேலை. அதாவது வதந்தியை அவள் அளக்கவில்லை, வதந்தியை அளக்கிறவர்களை அளந்தாள். அவளுடைய கம்ப்யூட்டரில் கட்டுரைகளெல்லாம் புள்ளிகளாகவும் மேற்கோள்களெல்லாம் கோடுகளாகவும் வானத்து நட்சத்திரம்போல் விரிந்து கிடந்ததாம், அத்தனை கோடுகளும் வந்து முடிகிற இடத்தில் ஒரே ஒரு தடித்த புள்ளியாம், அதைத் தொட்டுப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பேர். பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

சந்தையில் இறங்கி, "இங்க வதந்தியால அடிச்சுக் கொல்லப்பட்ட லக்கன்னு ஒருத்தரோட வீடு எது?" என்று அவள் லக்கண்ணனிடமே கேட்டாள். அவர், "என் வீடுதாம்மா, வாங்க" என்று அழைத்துப் போனார்.

அவர் வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் போன் கிணுங்கியது, அதே மூச்சில் அவர் கழுத்தில் ஒரு கனத்த ரோஜா மாலை விழுந்தது. புதிதாக ஒரு கட்டுரை வந்திருக்கிறது, அந்தப் பேராசிரியரின் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அவள் போன் சொல்லியது. மறுபடி கிணுங்கியது, மறுபடி விழுந்தது. ஜெசிந்தா மோரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், பிறகு ஒரு பழைய மாலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதையோ சரிபார்த்துக்கொள்வதுபோல் தலையாட்டினாள். அன்றிலிருந்து மாசத்தில் பாதி நாள் அவள் எங்கள் ஊரில்தான். அந்தக் கட்டுரைக்கு வரும் மேற்கோள்களை விழுகிற மாலைகளோடு எண்ணி ஒத்துப் பார்த்து, நாள் நாளாக ஏறி இறங்கும் ஒரு கோடாகக் கம்ப்யூட்டரில் வரைந்தாள். பெரிய ஆராய்ச்சி இதழென்றால் ஜரிகை வைத்த ரோஜா மாலை, மாணவர்களின் ஆய்வேடு என்றால் ஒல்லியான கனகாம்பரம், மூலக் கட்டுரையைப் படிக்காமலே இன்னொருவர் எழுதியதைப் பார்த்து மேற்கோளைப் போட்டுக்கொண்டவர்கள் அனுப்புவது பிளாஸ்டிக். ரைஸ்மில் அறையைத் திறந்து காட்டியபோது அவள் வாசலிலேயே நின்று வெகுநேரம் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கட்டுரையை அவள் சந்தையில் வைத்துத் தமிழில் வாசித்துக் காட்டிய சாயங்காலம் எங்களுக்கு மறக்காது. 'செங்கமடை மக்கள் ஒரு அப்பாவியை அடித்துக் கொன்றனர்.' உலகத்தில் எத்தனையோ பல்கலைக்கழகங்களில், நாங்கள் பேர்கூடக் கேட்டறியாத ஊர்களில், பிள்ளைகள் இதைப் பாடமாகப் படிக்கிறார்களாம்.

"நாமளா?" என்றார் கோமதிநாயகம். "கொன்னோமா? நாமளா?"

"பொய் சொன்னது நாமதானண்ணே" என்றாள் பூக்காரி.

"பொய்தான் சொன்னோம். எப்பேர்ப்பட்ட பொய்! நல்லாச் சொன்னோம். ஒரு உசுரு நிக்குதுல்லா அதுல?" கோமதிநாயகம் லக்கண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினார். உலுக்கின உலுக்கலில் ஒரு செவ்வந்தி உதிர்ந்தது.

ஜெசிந்தா அந்த இதழுக்கு எழுதினாள். இறந்தவர் உயிரோடிருப்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். அன்றைய பேப்பரைப் பிடித்துக்கொண்டு லக்கண்ணன் நிற்கும் படம் அனுப்பினோம். பேப்பரைவிட மாலைதான் படத்தில் அதிகம் தெரிந்தது. கடைசியில் ஒரு ஓரத்தில் சின்னதாகத் திருத்தம் போட்டார்கள், போட்ட அன்றைக்கு அந்தத் திருத்தத்துக்கும் ஒரு மாலை விழுந்தது, ஏனென்றால் திருத்தத்திலும் அந்தக் கட்டுரையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? அதற்கப்புறம் 'கொல்லப்பட்டார் என்றும் கொல்லப்படவில்லை என்றும் கருத்து உண்டு' என்று எழுத ஆரம்பித்தார்கள். அப்படி எழுதுகிறவர்களின் மாலையில் ஒரு பக்கம் நிஜப் பூவும் ஒரு பக்கம் பிளாஸ்டிக்கும் இருந்தது.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். சுகமதிக்கு மாப்பிள்ளை அமைந்ததில்தான் எல்லாம் நெருக்கடியானது.

மாப்பிள்ளை வேலாயுதம், மேலப்பொட்டல். ஆமாம், அதே ஊர்தான். அவன் அப்பா இசக்கிப்பாண்டி அன்றைக்கு வேனில் வந்தவர்களில் ஒருவர். பெண் பார்க்க வந்தபோது அவரே அதைச் சொல்லிவிட்டார், ஒளிக்கவில்லை, எங்களுக்கும் அதில் வருத்தமில்லை. பேச்சு நின்றது வேறோரிடத்தில். மாப்பிள்ளையின் அம்மா தீர்மானமாகச் சொன்னாள்: "பொண்ணு தங்கம். சம்பந்தியும் நல்ல மனுசன். ஆனா தாரை வார்க்கும்போது சாவு மாலை வந்து விழுந்தா அந்தக் குடும்பம் விளங்குமா? அந்த முகூர்த்தம் முடியுத வரைக்கும் விழாதுன்னு உறுதி சொல்லுங்க, போதும்."

அதனால் முகூர்த்தம் குறிப்பதற்கு ஜோசியர் சொக்கலிங்கமும் ஜெசிந்தாவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் மடியில் பஞ்சாங்கம், இவள் மடியில் கம்ப்யூட்டர்.

"வைகாசியில அருமையான முகூர்த்தம் இருக்கு" என்றார் ஜோசியர்.

"வைகாசி வேண்டாம் ஐயா. அப்பத்தான் ஊர்ப்பட்ட பேரு ஆய்வேடு குடுக்காங்க. கொட்டும்."

"சரி, ஐப்பசி?"

"ஐப்பசியில கருத்தரங்கு."

"ஏம்மா, நான் குரு பலம் பாக்கேன், நீ பேராசிரியர் பலம் பாக்கியா?"

"என்ன செய்ய ஐயா? உங்க குரு வருசத்துக்கு ஒருதடவை பெயருவாரு. எங்காளுங்க வாரா வாரம்லா எழுதுறாங்க."

ஊரே சுற்றி நின்று சிரித்தது. கடைசியில் ஆவணியில் ஒரு நாள் இருவருக்கும் ஒத்துவந்தது. கோள்களும் சரி, பல்கலைக்கழகங்களும் சரி, அன்றைக்குச் சற்று அயர்ந்திருக்கும்.

"அன்னைக்கு விழாதுல்லா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

ஜெசிந்தா பொய் சொல்லத் தெரியாத பெண். எங்கள் ஊரில் பாதி நாள் இருந்தும் அதை மட்டும் அவள் கற்றுக்கொள்ளவில்லை. "குறைவா விழும்மா. கோடு இறங்கும். ஆனா தரையைத் தொடாது. இது இனி ஒரு நாளும் தரையைத் தொடாது" என்றாள்.

அன்று சாயங்காலம் லக்கண்ணன் மகளிடம் சொன்னார்: "நான் மண்டபத்துக்கு வரல. ரைஸ்மில்லுல உக்காந்துக்கிடுதேன். தாலி கட்டின சத்தம் மேளத்துல கேக்கும்ல, அது போதும்." இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் பாஷையை எங்களைப்போலவே பேசக் கற்றிருந்தார்.

சுகமதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு எழுந்தாள். "ஒருதடவை உங்களைப் பாடையில வச்சு நான் அழுதாச்சு. இன்னொருதடவை நீங்க இல்லாத மாதிரி நான் நிக்க மாட்டேன். நீங்க கைபிடிச்சுக் குடுக்கலேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

"மாலை விழுமே தாயி."

"விழட்டும்."

"அவங்க எந்திரிச்சுப் போயிருவாங்களே."

சுகமதி மறுபடி அரிசிப் பானைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாங்கள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் சந்தைக்குப் போனோம், பேசினோம், கத்தினோம், டீ குடித்தோம். மண்டபத்துக்கு மேலே பந்தல் போட்டால் என்ன என்றார் ஒருவர், பந்தலுக்குள்ளும்தானே விழுகிறது என்றார் இன்னொருவர். உலகத்தில் உள்ள அத்தனை பேராசிரியருக்கும் அன்று ஒரு நாள் லீவு விடச் சொல்லி மனுப் போடலாமா என்று கேட்டவரை எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். அப்போது பூக்காரி, பாதி கட்டிய சரத்தைக் கையில் வைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "விழுததை நிறுத்த முடியாது. ஆனா யாரு மேல விழுந்துச்சுன்னு தெரியாமப் பண்ணலாம்லா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ரைஸ்மில் சாவியை யாரோ எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஆவணியில் அந்த நாள் காலை, மேலப்பொட்டலிலிருந்து சம்பந்தி வீட்டார் வேன்களில் வந்து மண்டபத்து வாசலில் இறங்கியபோது, சந்தனமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு வரவேற்க நின்ற பெண்கள் அத்தனை பேர் கழுத்திலும் சாவு மாலை தொங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தால் நாதஸ்வரக்காரர் கழுத்தில் மாலை, தவில்காரர் கழுத்தில் மாலை, புகை மூட்டத்துக்குள் ஐயர் கழுத்தில் கனகாம்பரம், சமையல்காரர்கள், பந்தி பரிமாறுகிறவர்கள், ஜோசியர், கைக்குழந்தைகள், ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வைத்த மாலைகளெல்லாம் தூசி தட்டப்பட்டு ஒரு ஊரின் கழுத்தில் ஏறியிருந்தன, எங்கள் ஊரில் அன்றைக்கு உயிரோடிருப்பவர் என்று அடையாளம் காட்ட ஒருவர்கூட இல்லை, அத்தனை பேரும் பட்டுச்சேலையும் பட்டுவேட்டியுமாகத் தலைநிமிர்ந்து நின்றோம்.

மாப்பிள்ளையின் அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "என்ன இது? கல்யாணமா, கருமாதியா?"

கோமதிநாயகம் முன்னால் வந்து கும்பிட்டார். "மைனி, எங்க ஊர்ப் பழக்கம். ஒருத்தருக்கு விழுந்தா எல்லாருக்கும் விழுந்த மாதிரி."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இசக்கிப்பாண்டி மண்டபத்துக்குள்ளே, மணவறைக்குப் பக்கத்தில் மகளோடு நிற்கிற லக்கண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "எனக்கும் ஒண்ணு குடுங்க அண்ணாச்சி."

"சம்பந்தி, நீங்க எதுக்கு..."

"குடுங்கய்யா. அன்னைக்கு நீங்க அந்தப் பொய்யைச் சொல்லலேன்னா, அவருக்கு நெசமாவே மாலை வாங்கித் தந்தவன் நானா இருந்திருப்பேன். என் மவனுக்கு எந்த ஊர்ல பொண்ணு குடுத்திருப்பாவ?"

பூக்காரி தன் கழுத்திலிருந்ததையே கழற்றி அவருக்குப் போட்டாள். அவருக்குப் பின்னால் வேன்களிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கழுத்தை நீட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கடைசிவரை அசையவில்லை. எல்லோரும் உள்ளே போனபிறகு, "வாடாததா ஒண்ணு குடுங்க" என்று ஒரு பிளாஸ்டிக் மாலையை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

தாரை வார்த்தார்கள். லக்கண்ணன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார், மேலே தண்ணீர் ஊற்றினார்கள், தண்ணீர் மூன்று பேர் விரல்களுக்குள்ளும் வழிந்து கீழே தாம்பாளத்தில் சொட்டியது, கெட்டிமேளம் கொட்டியது, நாங்கள் அரிசியையும் பூவையும் எறிந்தோம், அந்தப் பூவுக்குள் மேலிருந்து எது வந்தது, யார் மேல் விழுந்தது, எத்தனை விழுந்தது, ஒன்றுமே விழவில்லையா, எங்களுக்குத் தெரியாது. லக்கண்ணன் மட்டும் கழுத்தைக் கொஞ்சமும் குனியாமல், நடுமண்டபத்தில், எங்கள் எல்லோரையும்போல நின்றார். ஜெசிந்தாவின் கைப்பைக்குள் போன் கிணுங்கிக்கொண்டிருந்தது. அவள் கழுத்தில் கனத்த மாலையும் கையில் அட்சதையுமாக அதை எடுக்கவே இல்லை.

அடுத்த வருஷம் ஜெசிந்தாவுக்குப் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றார்கள், நாங்கள் இரண்டு மினிபஸ்ஸில் போனோம். அரங்கத்தின் பின்வரிசைகள் முழுக்கச் செங்கமடை. திரையில் அவள் கோடு ஓடியது: பேராசிரியர் வந்துபோன வருஷம், அது மெல்ல ஏறிய வருஷங்கள், நோய்க் காலத்தில் செங்குத்தாக எழுந்த மலை, அதற்கப்புறம் இறங்கியும் தரையைத் தொடாத சரிவு. எங்களுக்கு அது ஒவ்வொரு வளைவும் தெரிந்த கோடு. எந்த வளைவில் ஆட்டுக்கு வயிறு வீங்கியது என்றுகூட எங்களால் சொல்ல முடியும்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். "எல்லாம் ரொம்ப நுணுக்கமாப் பண்ணியிருக்கீங்க. ஆனா இங்க பாருங்க, ஆவணி மாசத்துல ஒரே ஒரு நாள் கோடு அறுந்திருக்கு. தரவு கிடைக்கலையா?"

ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில், அப்பாவுக்கும் புருஷனுக்கும் நடுவிலிருந்து சுகமதி எழுந்தாள்.

"இல்ல சார்," என்றாள். "அன்னைக்கு எனக்குக் கல்யாணம்."